ஆலோசகரின் அட்டைக் கட்டு

(ஒரு நூலக மன்றத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மென்பொருள் ஆலோசனை என்ற என் தொழிலைப் பற்றியும், அதனோடு சேர்த்து நான் செய்துவரும் பொருள்நோக்கு நிரலாக்கப் போதனையைப் பற்றியும் பேச வேண்டும் என்று மன்றத்தார் பணித்தபோது, கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத பெரியவர்களும் சபையில் இருப்பார்கள் என்று எச்சரிக்கையாகவே சொன்னார்கள். அதனால் எனக்குக் கவலை உண்டாகவில்லை. இந்த விஷயத்தின் நடுவில் இருப்பது யந்திரம் அன்று; எந்தக் காரியத்தை யாரிடம் ஒப்படைப்பது, ஒப்படைத்த பின் அதில் எவ்வளவு தலையிடாமல் இருப்பது என்ற கேள்விதான். ஒரு கல்யாணத்தையாவது முன்னின்று நடத்தியவர்கள், சமையற்காரரிடம் இத்தனை பேருக்கு இலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் புளி எவ்வளவு கரைத்தார் என்று எட்டிப் பார்க்காமல் இருப்பதன் அருமையை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

முதலில் ஆலோசகர் என்பவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவினர்களுக்கே இது இன்னும் தெளிவாகவில்லை. எந்தக் கம்பெனியில் உத்தியோகம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பெயரைச் சொல்ல முடியாதவனிடம் அவர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு வங்கியோ காப்பீட்டு ஸ்தாபனமோ பல ஆண்டுகளாக வளர்த்து வைத்திருக்கும் புரோகிராம்கள், யாரும் கை வைக்க அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டபோது, வெளியிலிருந்து ஒருவரைச் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ அழைக்கிறார்கள். அவர் படித்துப் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார், தம் அபிப்பிராயத்தைச் சொல்கிறார், நாட்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இவர்களில் இரண்டு ஜாதி உண்டு. வேலையைத் தாமே செய்து முடித்துவிட்டுப் போகிறவர் ஒருவர். அங்கே இருப்பவர்கள் செய்யும்படி கற்பித்துவிட்டுப் போகிறவர் மற்றவர். முதலாமவருக்கு மறுபடியும் அழைப்பு வரும் என்பதில் சந்தேகமில்லை, ஏனென்றால் அவர் எழுதியது அவருக்குத்தான் விளங்கும். நான் இரண்டாம் ஜாதியைச் சேர்ந்தவன். இதைத் தியாகமென்று யாரும் நினைக்க வேண்டாம். பொருள்நோக்கு முறையில் போதனை இல்லாத ஆலோசனை நிலைக்காது என்பது என் அநுபவத்தில் கண்டது. அந்த முறையின் சரித்திரத்தைப் பார்த்தாலும் அதை உண்டாக்கியவர்களும் பரப்பியவர்களும் பெரும்பாலும் ஆசிரியர்களாகவோ ஆலோசகர்களாகவோ இரண்டுமாகவோ இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சரித்திரம் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரத்தில் தொடங்குகிறது. கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணித அறிஞர், ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் கணக்கிட்டுப் பழகியவர், 1960-இல் நார்வே கணிப்பு நிலையத்துக்கு வந்தார். தொழிற்சாலையில் சரக்கு எங்கே தேங்குகிறது, கவுண்டரில் வரிசை ஏன் நீள்கிறது என்பன போன்ற கேள்விகளுக்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்தத் தொழிற்சாலையையும் அந்த வரிசையையும் ஒருவாறு நடத்திப் பார்த்து விடை காண்பது அவருடைய நோக்கம். ஓலே யோஹான் டால் என்ற அபாரமான நிரலாளர் அவருடன் சேர்ந்தார். இருவரும் அமைத்த சிமுலா என்ற மொழியின் முதல் வடிவம் 1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூனிவாக் 1107 யந்திரத்தில் ஓடியது. சிமுலா 67 என்ற அடுத்த வடிவத்தில்தான் இன்று உலகமெங்கும் கல்லூரிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கிளாஸ் (ஒரே வகைப் பொருள்களுக்கான அச்சு), சப்கிளாஸ் (அதிலிருந்து கிளைக்கும் வகை) என்ற இரண்டும் முதன்முதலாக உருவெடுத்தன. வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரும் கவுண்டரில் இருக்கும் குமாஸ்தாவும் தனித்தனி ஆப்ஜெக்ட், அதாவது பொருள். தனக்கு உரிய விவரமும் தனக்கு உரிய செய்கையும் அதனதனிடமே இருக்கும்.

நைகார்டைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. தாம் உண்டாக்கிய மொழி, தொழிலாளிகளின் வேலையை அவர்களைக் கேளாமலே வெட்டித் திருத்துவதற்கும் கருவியாகும் என்பதை அவர் உணர்ந்தார். 1970-களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, கம்ப்யூட்டர் தங்கள் பட்டறையில் என்ன செய்யப் போகிறது என்பதைத் தொழிலாளிகளே ஆராய்ந்து பேரம் பேசும்படி அவர்களுக்குக் கற்பிக்கும் முயற்சியில் இறங்கினார். முதலாளியின் அறையில் மட்டும் உட்கார்ந்து அறிக்கை எழுதும் ஆலோசகர்கள் நிறைந்த எங்கள் தொழிலில், இந்த முன்னோரைப் பலர் பெயரளவில்கூட அறியார்கள். டாலுக்கும் அவருக்கும் 2001-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு கிடைத்தது. 2002-ஆம் ஆண்டுக் கோடையில் சில வார இடைவெளியில் இருவருமே காலமானார்கள்.

அமெரிக்காவில் இதே எண்ணத்தை வேறொரு திசையில் கொண்டு சென்றவர் ஆலன் கே. ஸெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் அவரும் டான் இங்கால்ஸும் அடேல் கோல்ட்பர்க்கும் வளர்த்த ஸ்மால்டாக் என்ற மொழி 1972-இல் பிறந்தபோது, அதைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதே அவர்களுடைய ஆசை. பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஆச்சரியமான சித்திரப் புரோகிராம்களை எழுதிக் காட்டினார்கள். அதைக் கண்டு ஆசிரியர்களுக்கு உற்சாகம் தலைக்கேறியது. பிறகு அதே நிலையத்தில் வேலை பார்த்த, நிரல் எழுதியறியாத பெரியவர்கள் சிலருக்கு வகுப்பு நடத்தினார்கள். தொடக்கத்தில் அவர்கள் பிள்ளைகளைவிட வேகமாகவே முன்னேறினார்கள். ஆனால் விலாச அட்டைகளை அடுக்கித் தேடும் மாதிரி ஒரு சிறிய புரோகிராமைத் தாமாக அமைக்கச் சொன்னவுடன் அப்படியே நின்றுவிட்டார்கள். இதிலென்ன கஷ்டம் என்று கே தாமே கரும்பலகையில் அதை எழுதி, அதில் மறைந்திருந்த யுக்திகளை எண்ணிப் பார்த்தாராம். பார்த்தவுடன் விளங்காத யுக்திகள் 17 இருந்தன. ஸ்மால்டாக்கின் ஆரம்பச் சரித்திரத்தை அவர் 1993-இல் எழுதியபோது இதை ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். மொழியைக் கற்பிப்பது சுலபம், அமைப்பைக் கற்பிப்பது கடினம் என்பதை இவ்வளவு நேர்மையோடு சொன்ன கர்த்தா வேறொருவர் எனக்குத் தென்பட்டதில்லை. இன்றும் எங்கள் பயிற்சி வகுப்புகளில் ஒரு வாரத்தில் மொழியின் இலக்கணத்தை ஒப்பித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும் இளைஞர்கள், மறுவாரம் வெற்றுத்தாளின் முன் உட்காரும்போது அந்த 17-இல்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இந்தத் தடைக்கு ஒரு வழி கண்டவர்கள் கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம் என்ற இருவர். ஓரிகன் மாநிலத்து டெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனத்தில் ஸ்மால்டாக்கோடு பழகிய இவர்கள், 1989-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடந்த மாநாட்டில் ஒரு சின்னக் கட்டுரை படித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சாதனம் கம்ப்யூட்டர் அன்று. 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் உள்ள சாதாரண அட்டைக் கட்டு. ஒவ்வோர் அட்டையின் தலைப்பில் கிளாஸின் பெயர். இடப்புறம் அதன் பொறுப்புகள். வலப்புறம் அந்தப் பொறுப்புகளை நிறைவேற்ற அது யார் யாருடைய உதவியை நாடுகிறது என்ற பட்டியல். இவ்வளவே. பழைய முறையில் தேர்ந்த நிரலாளர்களுக்கு இந்தப் புதிய முறை வசப்படாததற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று, எல்லாம் தமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆசையை விட முடியாமைதான் என்று அவர்கள் கண்டறிந்தார்கள். அட்டை சின்னது, அதில் எல்லாவற்றையும் எழுத முடியாது, எழுதி இடம் போதவில்லையானால் அந்த ஆப்ஜெக்டுக்குச் சுமை அதிகம் என்று பொருள்.

என் வகுப்பில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட விரும்புகிறேன். பாடப்புத்தகங்களில் வரும் வங்கி யந்திரத்தை நான் எடுப்பதில்லை, ஏலச்சீட்டை எடுக்கிறேன். நம் ஊரில் சீட்டுக் கட்டாத குடும்பம் அபூர்வம் ஆகையால் கணக்கை விளக்கவே வேண்டியதில்லை. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இந்த மாதம் ஒருவர் 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார். தள்ளிய தொகையில், சீட்டுத் தொகைக்கு நூற்றுக்கு 5 வீதம் நடத்துகிறவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000-ஐ 20 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 1,000. ஆகவே இந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 4,000.

கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் பல ஆண்டுகள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நான்கு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்தால், அவர்கள் எழுதும் முதல் அட்டையின் தலைப்பு அநேகமாக 'சீட்டு மேனேஜர்' என்றே இருக்கும். இடப்புறம் முழுவதும் நிரம்பி, எழுத்து பொடியாகி, ஓரத்தில் செங்குத்தாக ஏறி, பின்பக்கமும் போகும். சந்தாதாரர் என்ற அட்டையில் பெயரும் டெலிபோன் எண்ணும் தவிர ஒன்றும் இராது. ஏலம் என்ற அட்டை பிறக்கவே பிறக்காது. நான் குற்றம் சொல்வதில்லை. ஆளுக்கு ஓர் அட்டையைக் கையில் கொடுத்து எழுந்து நிற்கச் சொல்கிறேன். மாதாந்தர ஏலத்தை அவர்களே நடத்திக் காட்ட வேண்டும். யாருடைய ஆப்ஜெக்ட் வேலை செய்கிறதோ அவர் அட்டையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டே நிமிஷத்தில் மேனேஜர் அட்டைக்காரரின் கை வலிக்கத் தொடங்கும்; மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். அப்போது சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்போடு பாடம் பாதி இறங்கிவிடுகிறது.

ஒரு வகுப்பில் ஓர் இளம்பெண், தம் தாயார் தெருவில் சீட்டுப் பிடிப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர், மேனேஜர் அட்டையை வாங்கி ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார்.

"சார், ஒரு தடவை சீட்டை எடுத்தவங்க மறுபடி ஏலத்துல கேட்க முடியாது. இது சந்தாதாரருக்குத் தெரியணுமா, சீட்டுக்குத் தெரியணுமா?" என்று கேட்டார்.

"உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"அம்மாவோட நோட்டுல இருக்கும். ஆனா அம்மா ஒரே சமயத்துல மூணு சீட்டு நடத்துவாங்க. ஒரே ஆள் ரெண்டு சீட்டுல இருப்பாரு. ஒண்ணுல எடுத்திருப்பாரு, இன்னொண்ணுல எடுத்திருக்க மாட்டாரு."

அதோடு நிறுத்தி, மேஜையிலிருந்து ஒரு புதிய அட்டையை எடுத்து, 'பங்கு' என்று தலைப்பிட்டார். ஒரு நபருக்கும் ஒரு சீட்டுக்கும் நடுவில் உள்ள உறவே ஓர் ஆப்ஜெக்ட். எடுத்தாயிற்றா இல்லையா, இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று என்பன அதன் பொறுப்பு. கோபால் பெரியவர்கள் அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேயின் 17 யுக்திகளில் இது எத்தனையாவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆயிரம் பக்கப் புத்தகம் தராத ஒன்றை அம்மாவின் நோட்டுப் புத்தகம் அந்தப் பெண்ணுக்குத் தந்திருந்தது. வாடிக்கையாளரின் தொழிலைத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எந்த ஆலோசகரும் நல்ல கிளாஸ் ஒன்றை எழுதிவிட முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இம்மாதிரி நேரங்களே ஆதாரம்.

இதனால் லாபம் என்ன என்று வியாபாரிகள் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், நடத்துகிறவரின் கமிஷனுக்கு நூற்றுக்கு 5 என்று உச்சவரம்பு விதித்திருந்தது. 2019-இல் வந்த திருத்தம் அதை 7 ஆக உயர்த்தியது. 7 வீதம் கமிஷன் எடுத்தால் முன்சொன்ன கணக்கில் பங்கிட மிஞ்சுவது 18,000; ஆளுக்கு 900; கட்ட வேண்டியது 4,100. கமிஷன் என்னவென்று அறியும் பொறுப்பு ஒரே ஓர் ஆப்ஜெக்டிடம் இருந்தால் திருத்தம் ஓரிடத்தில் முடிகிறது. பழைய சீட்டுக்குப் பழைய வீதம், புதிய சீட்டுக்குப் புதிய வீதம் என்றாலும் அந்த ஆப்ஜெக்டே பார்த்துக்கொள்ளும். அப்படியில்லாமல், ரசீது அச்சிடும் இடத்தில் ஒரு 5, மாத அறிக்கையில் ஒரு 5, டிவிடெண்டுக் கணக்கில் இன்னொரு 5 என்று இறைந்து கிடந்தால், எந்த 5 கமிஷன், எந்த 5 தேதி என்று தேடுவதற்கே ஓர் ஆலோசகரை அமர்த்த வேண்டியிருக்கும். எங்களில் பலர் பிழைப்பது அப்படித்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே கல்லூரி ஆசிரியர்கள் இருந்தால் மன்னிக்க வேண்டும். ஒரு கசப்பான அபிப்பிராயத்தைச் சொல்லப் போகிறேன். பொருள்நோக்கு முறை என்றவுடன் நம் வகுப்பறைகளில் விலங்கு ஒரு கிளாஸ், நாய் அதன் சப்கிளாஸ், நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும் என்று தொடங்கிவிடுகிறார்கள். மரபுரிமை என்ற அந்த ஒரு கருவி, மற்றக் கருவிகள் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. மாணவனும் வேலைக்கு வந்தவுடன், ஏலச்சீட்டு என்ற கிளாஸ் தயாராக இருக்கிறது, குலுக்கல் சீட்டு எழுத வேண்டும், முக்கால்வாசி ஒன்றுதானே என்று அதற்குச் சப்கிளாஸாக இதை வைத்துவிடுகிறான். குலுக்கல் சீட்டில் யாரும் தள்ளிக் கேட்பதில்லை. ஆனால் 'கேள்வியை ஏற்றுக்கொள்' என்ற மெத்தட், அதாவது செய்கை, பரம்பரைச் சொத்தாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏலச்சீட்டு என்று நம்பி அதனிடம் ஒருவர் ஏலத்தொகையைக் கொடுத்தால் அது திருதிருவென்று விழிக்கிறது. அமெரிக்கப் பேராசிரியை பார்பரா லிஸ்கோவ் 1987-ஆம் ஆண்டிலேயே ஒரு மாநாட்டு உரையில் இந்த ஆபத்தைத் தெளிவாக்கினார்: மூலத்தை எதிர்பார்க்கும் இடத்தில் அதன் கிளையை வைத்தாலும் நடத்தையில் மாறுதல் தெரியக் கூடாது, தெரியுமானால் அது உண்மையான கிளை அன்று. 1994-இல் வெளிவந்த வடிவமைப்புப் பாணிகள் பற்றிய பிரசித்தமான நூலில் கம்மா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் என்ற நால்வரும், மரபுரிமையைவிட ஒன்றை மற்றொன்றின் அங்கமாக வைத்து வேலை வாங்குவதே மேல் என்று வற்புறுத்தினார்கள். இவ்வளவு காலம் கழிந்தும் நாய் குரைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆலோசகரின் வாழ்க்கையில் ஜயம் தோல்வி என்று எதைச் சொல்வது என்பதற்கு ஒரு விசித்திரமான உதாரணம் உண்டு. கிரைஸ்லர் மோட்டார் கம்பெனி தன் சம்பளப் பட்டுவாடாவுக்கு ஸ்மால்டாக்கில் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கி, அது தள்ளாடிக்கொண்டிருந்த 1996-ஆம் ஆண்டில், கென்ட் பெக்கை அழைத்தார்கள். வேகத்தைக் கூட்டித் தர வந்தவர், வேகம் இருக்கட்டும், இதை முதலிலிருந்து எழுதுங்கள் என்று சொல்லும்படி ஆயிற்று. ரான் ஜெஃப்ரீஸ் என்பவர் பயிற்சியாளராகக் கூட இருந்தார். ஒரு யந்திரத்தின் முன் இருவர் உட்கார்ந்து எழுதுவது, நிரலை எழுதுமுன் அதற்குரிய சோதனையை எழுதுவது, சம்பளக் கணக்கு அறிந்தவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது என்ற பழக்கங்கள் அங்கே ஊன்றின. 1997-இல் சுமார் 10,000 பேருக்கு அந்தப் புரோகிராம் சம்பளம் கணக்கிட்டது. கம்பெனியின் எல்லாச் சிப்பந்திகளுக்கும் விரிவதற்குள், 2000-ஆம் ஆண்டில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு அது நஷ்டம். ஆனால் அங்கே கற்றதை வைத்துப் பெக் 1999-இல் எழுதிய நூல், உலகமெங்கும் நிரலாளர்கள் வேலை செய்யும் முறையை மாற்றியது; 2001-இல் யூட்டா மாநிலத்து மலை விடுதியில் கூடி மென்பொருள் எழுதும் முறையைப் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்ட 17 பேரில் பெக்கும் ஜெஃப்ரீஸும் கன்னிங்காமும் இருந்தார்கள். இந்தச் சரித்திரத்தைச் சொல்லி, திட்டம் நின்றாலும் கவலையில்லை என்று எந்த வாடிக்கையாளரிடமும் நான் வாதிக்கத் துணிந்ததில்லை. இருவர் ஒரே யந்திரத்தின் முன் உட்காரும் பழக்கத்தை மாத்திரம் வந்த முதல் நாளே புகுத்திவிடுகிறேன். விசைப்பலகை என் கையில் இருப்பதில்லை. அந்த ஸ்தாபனத்துப் பிள்ளை எழுதுகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கேள்வியை அந்த ஆப்ஜெக்டையே கேட்கலாமே என்று அவ்வப்போது முணுமுணுக்கிறேன். கட்டணம் கொடுக்கும் அதிகாரிகளுக்கு இது ஆரம்பத்தில் பிடிப்பதில்லை. பணம் வாங்குகிறவர் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை என்னைக் கேளாமல் ஒரு கிளாஸை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் முகம் தெளிகிறது.

முதலில் எந்த மொழியைப் பயில்வது என்று பெற்றோர்கள் தவறாமல் கேட்கிறார்கள். அதற்கும் விடை சொல்லி முடிக்கிறேன். உத்தியோகத்துக்கு ஜாவாவோ பைத்தானோ சி பிளஸ் பிளஸ்ஸோ எதுவானாலும் சரி. சிமுலாவைக் கேம்பிரிட்ஜில் பயன்படுத்திய பியார்னே ஸ்ட்ராஸ்ட்ரப் 1979-இல் தொடங்கி அமைத்ததே சி பிளஸ் பிளஸ், 1995-இல் வெளிவந்த ஜாவா அந்த வழியில் பின்னால் வந்தது. ஒன்றைச் சரியாகக் கற்றவருக்கு மற்றது கஷ்டமில்லை. ஆனால் இந்த முறையின் சுபாவத்தை அறிய வேண்டுமானால் ஒரு மாத காலம் ஸ்மால்டாக்கோடு இருங்கள். ஃபாரோ என்ற அதன் இன்றைய வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. மற்ற மொழிகளில் 'இப்படியானால் இதைச் செய், இல்லையானால் அதைச் செய்' என்பதற்கு மொழியின் இலக்கணத்திலேயே ஒரு வாக்கியம் இருக்கும். ஸ்மால்டாக்கில் அந்த வாக்கியம் கிடையாது. மெய் என்பதும் ஓர் ஆப்ஜெக்ட், பொய் என்பதும் ஓர் ஆப்ஜெக்ட். 'நீ மெய்யானால் இந்த வேலையைச் செய்' என்ற செய்தியை இரண்டில் எதற்கு அனுப்பினாலும், மெய் தனக்குக் கொடுத்த வேலையை நடத்துகிறது, பொய் அதைத் தொடாமல் வெறுங்கையைக் காட்டுகிறது. தீர்மானம் செய்ய மேலே ஒரு மேனேஜர் இல்லை. சி மொழி படித்துவிட்டு வரும் மாணவர்கள் இதை நம்புவதில்லை. மூல நிரலைத் திறந்து பாருங்கள் என்கிறேன். மெய்யின் கிளாஸில் அந்த மெத்தட் ஒரே வரி, பொய்யின் கிளாஸிலும் ஒரே வரி. இன்னும் எங்கேயோ நிபந்தனை ஒளிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் பக்கம் பக்கமாகத் தேடுகிறார்கள்.

கேள்விகளுக்கு நேரம் விட வேண்டும் என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அமர்கிறேன்.